நாலு வருஷத்தில் உடம்பு பழகியிருக்காதா? மாற்றுச் சிறுநீரகமும் மாத்திரையும்

அண்ணாச்சி என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் தங்கச்சி என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் கேள்வி எனக்குப் புரிந்தது இப்படி. வீட்டுக்காரருக்கு அவர் அக்கா, அதாவது உங்கள் மதினி, சிறுநீரகம் கொடுத்து நாலு வருஷம் ஆகிறது. திசுப் பொருத்தம் பார்த்தபோது இரண்டு பேருக்கும் ‘ஃபுல் மேட்ச்’. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் 1.2-க்கு மேல் போனதே இல்லை. 2025-இல் நோபல் பரிசு வாங்கிய ஜப்பான்காரரின் கண்டுபிடிப்பால் மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையே இனி வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. “கூடப்பிறந்தவ கிட்னிதானே, நாலு வருஷத்துல உடம்பு பழகியிருக்கும்” என்று களக்காட்டில் உங்கள் சொந்தக்காரப் பெரியவர் ஒருவரும் சொல்லியிருக்கிறார். ஆகவே மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாமா என்கிறீர்கள். கடைசி வரியில், நீங்கள் அவருக்கு மாமன் மகள் என்பதால் பின்னொரு நாள் தேவைப்பட்டால் உங்கள் சிறுநீரகம் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அடுத்தவர் உறுப்பை நம் உடம்பு என்றைக்காவது தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளுமா?

நான் மருத்துவர் இல்லை. திசுப் பொருத்தம் பார்க்கும் ஆய்வகங்களில், சென்னையிலும் மதுரையிலுமாக, 22 வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தது டியூபில் வரும் ரத்தம். ஆளைப் பார்த்து மருந்து எழுதுவது வேறு படிப்பு, வேறு பொறுப்பு. உங்கள் வீட்டுக்காரருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை அவரைப் பார்க்கிற சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்களாகக் குறைக்கலாமா என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை: கூடாது. ஒரு வேளைகூட விடக்கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

‘பழகியிருக்கும்’ என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் தப்பு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பீட்டர் மெடவார் என்ற விலங்கியல்காரர், தீக்காயம் பட்டவர்களுக்கு அடுத்தவர் தோலை ஒட்டினால் ஏன் நிற்பதில்லை என்று பார்க்க கிளாஸ்கோவுக்குப் போனார். அங்கே தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவளுடைய சொந்தத் தோலையும் அவள் சகோதரனின் தோலையும் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டிப் பார்த்தார்கள். சொந்தத் தோல் நின்றது, சகோதரன் தோல் சில நாளில் அழிந்தது. கொஞ்ச நாள் கழித்து அதே சகோதரனின் தோலை இரண்டாம் முறை ஒட்டினார்கள். பழக்கம் என்று ஒன்று இருந்திருந்தால் இந்த முறை இன்னும் கொஞ்ச நாள் நின்றிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். முதல் தடவையைவிட வேகமாக அழிந்தது. 1943-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். உடம்பு அந்தத் தோலோடு பழகவில்லை, அதை நினைவில் வைத்துக்கொண்டது. அம்மைத் தடுப்பூசி எந்த நினைவை நம்பி வேலை செய்கிறதோ, அதே நினைவுதான் இங்கே எதிராக நிற்கிறது. கூடப்பிறந்தவன் தோல்தானே என்ற வாதமும் அங்கேயே செல்லாமல் போயிற்று.

அடுத்து நடந்தது நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும். என் தாத்தா மாட்டுச் சந்தைக்குப் போகும்போது, காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரியை மட்டும் வாங்காதே, சினை பிடிக்காது என்பார். அனேகமாக எல்லாக் கிடேரிக்கும் அது உண்மை. காரணம், வயிற்றுக்குள் இரண்டு கன்றுகளின் நஞ்சுக்கொடி ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இதன் ரத்தம் அதற்கும், அதன் ரத்தம் இதற்கும் போகும். காளைக் கன்றின் சுரப்புகள் கிடேரியின் கருப்பையை வளரவிடாது. அமெரிக்காவில் விஸ்கான்சினில் ரே ஓவன் என்பவர் 1945-இல் இன்னொன்றைக் காட்டினார். அப்படிப் பிறந்த கன்றுகளின் உடம்பில் கூடப்பிறந்ததன் ரத்த அணுக்கள் வளர்ந்த பிறகும் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன, உடம்பு அவற்றைத் துரத்துவதில்லை. இது மெடவாருக்கு அப்போது தெரியாது. 1948-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் ஒரு கால்நடை ஆய்வாளர், இரட்டைக் கன்றுகளில் எது ஒரே கரு, எது இரு கரு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். தோலை மாற்றி ஒட்டிப் பாருங்கள், இரு கரு என்றால் உதிர்ந்துவிடும் என்று மெடவார் சுலபமாகச் சொல்லிவிட்டார். பிறகு பண்ணைக்குப் போய்த் தானே ஒட்டிப் பார்த்தால், அனேகமாக எல்லா இரட்டையரும் ஒன்றன் தோலை ஒன்று ஏற்றுக்கொண்டன. காளையும் கிடேரியுமாக இருந்தவைகூட. சொன்ன வாக்கு பொய்த்துப் போன அந்தப் பண்ணையில்தான் இந்தத் துறையே பிறந்தது என்பேன்.

பிறப்பதற்கு முன்னால் சந்தித்ததை உடம்பு எதிரியாகப் பார்ப்பதில்லை என்றால், அந்தச் சந்திப்பை நாமே ஏற்படுத்தலாமே? மெடவார், ரூபர்ட் பில்லிங்ஹாம், லெஸ்லி பிரெண்ட் மூவரும் ஒரு வகைச் சுண்டெலியின் வயிற்றில் இருந்த குஞ்சுகளுக்குள் வேறு வகைச் சுண்டெலியின் அணுக்களைச் செலுத்தினார்கள். நல்லபடியாகப் பிறந்த ஐந்து குஞ்சுகளுக்கு எட்டு வாரம் கழித்து அந்த வேறு வகையின் தோலை ஒட்டினார்கள். இரண்டில் உதிர்ந்தது. மூன்றில் சொந்தத் தோல் மாதிரி நின்றது. 1953-இல் வந்த அந்தக் கட்டுரையில் நான் முக்கியமாக நினைப்பது வேறு இரண்டு விஷயங்கள். தோலை ஏற்றுக்கொண்ட எலி, மூன்றாவது ஒரு வகையின் தோலை வழக்கம்போல் உதிர்த்துவிட்டது. அதாவது எதிர்ப்பு சக்தி குறையவில்லை, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தது. இன்னொன்று, நன்றாக நின்றுகொண்டிருந்த அந்த எலிக்குள், விலக்கு இல்லாத எலியின் நிணநீர்க் கணுக்களை வைத்ததும் பல வாரம் நின்ற தோல் அழிந்தது. ஒட்டிய தோல் கடைசிவரை அந்நியமாகத்தான் இருந்திருக்கிறது. மாறியிருந்தது எதிர்ப்பு அணுக்கள் என்ற காவல்காரர்களின் மனம் மட்டும். இதற்காக மெடவாருக்கும், முன்பே இப்படி நடக்கும் என்று கருத்தளவில் சொன்ன ஆஸ்திரேலியர் மக்ஃபார்லேன் பர்னெட்டுக்கும் 1960-இல் நோபல் பரிசு வந்தது. மெடவார் தன் பங்குப் பணத்தில் மற்ற இருவருக்கும் கொடுத்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

உங்கள் மதினியின் சிறுநீரகமும் அப்படித்தான், தங்கச்சி. நாலு வருஷமோ நாற்பது வருஷமோ, அதன் ஒவ்வொரு அணுவிலும் மதினியின் அடையாளம்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்காரரின் காவல்காரர்கள் சும்மா இருப்பது பழகிப்போனதால் இல்லை, மாத்திரையால். டி செல் என்ற வெள்ளையணு அந்நியத்தைக் கண்டால் மற்ற அணுக்களைச் சங்கு ஊதிக் கூப்பிடும். டாக்ரோலிமஸ் அந்தச் சங்கை அடைக்கிறது. மைக்கோபினோலேட் படை பெருகாமல் பார்க்கிறது. பிரெட்னிசோலோன் மொத்தமாகச் சூட்டைத் தணிக்கிறது. இவை எல்லாக் காவலரையும் சேர்த்துத் தூங்கவைப்பதால்தான் சளி, அக்கி, காசநோய் என்று எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது. மருந்தின் வேலை ஏறத்தாழ அரை நாள்தான். அதனால்தான் காலையும் இரவும். இந்த வகை மாத்திரைகளில் சில மண்ணிலிருந்து வந்தவை என்பது பலருக்குத் தெரியாது. டாக்ரோலிமஸ் மாதிரியே வேலை செய்யும் பழைய மருந்தான சைக்ளோஸ்போரின் நார்வே மலைமண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்தும், டாக்ரோலிமஸ் ஜப்பானில் சுக்குபா மலையடிவார மண்ணின் நுண்ணுயிரியிலிருந்தும் எடுக்கப்பட்டவை. இவை வருவதற்கு முன்னால், 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஒரே கரு இரட்டையருக்கு நடுவில்தான் நடந்தது. அவர்களும் முதலில் தோலை மாற்றி ஒட்டி, உதிரவில்லை என்று பார்த்த பிறகே கத்தியை எடுத்தார்கள்.

சரி, ஃபுல் மேட்ச் என்றால் இரட்டையர் மாதிரித்தானே என்பீர்கள். இல்லை. நாங்கள் ஆய்வகத்தில் பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற அடையாளங்களை மட்டும். அவை ஆறாவது குரோமோசோமில் கொத்தாக இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு கொத்து, அம்மாவிடமிருந்து ஒரு கொத்து. அதனால் கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டும் ஒத்துப்போகும், நாலில் இரண்டு பங்கில் பாதி ஒத்துப்போகும், மிச்சத்தில் ஒன்றுமே ஒத்துப்போகாது. உங்கள் வீட்டுக்காரருக்கு முதல் வகை அமைந்தது அதிர்ஷ்டம்; அந்தச் சிறுநீரகம் நீண்ட நாள் ஓடும் வாய்ப்பு அதிகம், மருந்தையும் மருத்துவர்கள் கொஞ்சம் மிதமாக வைக்க முடியும். ஆனால் மற்ற குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன அடையாளங்கள் வேறு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது இங்கே நேரடியாகவே பொருந்தும். அந்தச் சின்ன வித்தியாசங்கள் போதும், மருந்தை எடுத்தால் நிராகரிப்பு தொடங்க.

இப்போது அந்த நோபல் பரிசு. வாட்ஸ்அப் செய்தியில் பாதி உண்மை. 2025-இல் பரிசு வாங்கியவர்கள் மூன்று பேர்: ஜப்பானின் சிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல். இவர்களுக்கு முன்னால், சொந்த உடம்பைத் தாக்கக்கூடிய டி செல்கள் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியிலேயே அழிக்கப்பட்டுவிடும், அதோடு கதை முடிந்தது என்று நினைத்தார்கள். தப்பி வெளியே வருபவற்றை அடக்கிவைக்க இன்னொரு வகை டி செல் உண்டு என்று சகாகுச்சி 1995-இல் காட்டினார். அப்போது பெரும்பாலோர் நம்பவில்லை. 2001-இல் மற்ற இருவரும், உடம்பெல்லாம் செதில் விழுந்து சின்ன வயதிலேயே செத்துப்போகும் ஒரு சுண்டெலி வகையில் எந்த மரபணு பழுது என்று தேடி ஃபாக்ஸ்பி3-ஐக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுதான் சகாகுச்சியின் அடக்கும் அணுக்களை உருவாக்குகிறது என்று பிறகு தெரிந்தது. காவல்காரர்களுக்கு நடுவில் ஒரு ஏட்டையா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அணுக்களை நோயாளியிடமிருந்தே எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, சிறுநீரக மாற்றின்போது திரும்பச் செலுத்தும் சோதனைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்திருக்கின்றன. பாதுகாப்பாகச் செய்யலாம், சிலருக்கு மருந்தின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்பது வரை வந்திருக்கிறது. மாத்திரையே வேண்டாம் என்பது இன்னும் ஆசைதான், சிகிச்சை இல்லை. பரிசு கிடைத்தது அறிவியலுக்கு. மருந்துச் சீட்டு அதனால் மாறவில்லை.

ஆனாலும் மாத்திரை இல்லாமல் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அதை மறைத்தால் உங்களை ஏமாற்றியதாகும். பாஸ்டனில் ஒரு குழு, பாதிப் பொருத்தம் மட்டுமே உள்ள ஐந்து பேருக்குச் சிறுநீரகத்தோடு அதே கொடையாளியின் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துக் கொடுத்தது. 2008-இல் வெளியிட்டார்கள்: நாலு பேர் ஒரு வருஷம் முன்பின்னாக எல்லா மருந்தையும் நிறுத்த முடிந்தது, ஒருவர் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே சிறுநீரகத்தை இழந்தார். ஓவனின் கன்றுக்குட்டிகளில் இயற்கை செய்ததை இங்கே வேண்டுமென்றே செய்கிறார்கள், ஒருவர் ரத்த அணு இன்னொருவருக்குள் கொஞ்ச காலமாவது குடியிருக்கும்படி. ஸ்டான்போர்டில் சாமுவேல் ஸ்ட்ரோபர் குழு, உங்கள் வீட்டில் போலவே ஃபுல் மேட்ச் உள்ள அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளிடம் இதைச் செய்தபோது பெரும்பாலோர் மருந்தை விட முடிந்தது. இந்தியாவில் அகமதாபாத் சிறுநீரக நிறுவனத்தில் ஹெச். எல். திரிவேதி பல வருஷம் இதே பாதையில் உழைத்தார். உடனே மனது துள்ளும். கவனியுங்கள்: இவர்கள் யாரும் வெறுமனே மாத்திரையைக் குறைத்துப் பார்க்கவில்லை. அறுவைக்கு முன்பும் பின்பும் கதிர்வீச்சு, வீரியமான மருந்துகள், மஜ்ஜை அணுக்கள் எல்லாம் கொடுத்து எதிர்ப்பு மண்டலத்தையே புதிதாகக் கட்டினார்கள். அதற்கான நேரம் உங்கள் வீட்டுக்காரருக்கு நாலு வருஷத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. பழைய மாற்றுக்கு இதைப் பின்னால் செய்வது இன்னும் ஆராய்ச்சியாளர்களின் மேசையில்தான் இருக்கிறது.

கல்லீரல் வேறு சாதி. பெற்றோரிடமிருந்து கல்லீரல் பெற்ற 20 குழந்தைகளுக்குக் கண்காணிப்போடு மருந்தை மெதுவாக எடுத்தபோது 12 பேர் தாங்கினார்கள் என்று 2012-இல் வந்தது. கல்லீரல் ஏன் இவ்வளவு பொறுமைசாலி என்பதற்கு நாலைந்து விளக்கங்கள் உண்டு, எதையும் அறுதியாகச் சொல்ல முடியாது. உங்களுக்குச் செய்தி அனுப்பியவர் கல்லீரல் கதையைக் கேட்டுச் சிறுநீரகத்துக்குச் சொல்லியிருக்கவும் கூடும்.

சிறுநீரகத்தில் தானாகவே மருந்தை விட்டு வருஷக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் மிக அபூர்வம். அந்த அபூர்வ ஆள் யார் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும், தெரியும்போது காலம் கடந்திருக்கும். என் ஆய்வகத்துக்கு ஒரு பையனின் ரத்தம் வந்தது. எட்டு மாதம் தானாக மாத்திரையை விட்டிருக்கிறான். கிரியாட்டினின் 1.4, முன்பு இருந்ததேதான். ‘பாருங்க சார், ஒண்ணும் ஆகல’ என்று சிரித்தானாம். நாங்கள் பார்த்தபோது அவன் அம்மாவின் சிறுநீரகத்துக்கு எதிராக ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) மண்டிக் கிடந்தன. கிரியாட்டினின் கடைசியில்தான் ஏறும். அதற்குள் உள்ளே தழும்பு விழுந்திருக்கும். இரண்டு வருஷத்தில் திரும்ப டயாலிசிஸ். அந்த எதிர்ப்பொருள்கள் இருப்பதால் அடுத்த கொடையாளி கிடைப்பதும் அவனுக்குக் கஷ்டமாகிவிட்டது. இன்னொருவர் வேண்டுமென்று விடவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே அந்த மழையில், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டார். மாத்திரை கீழே அலமாரியோடு போயிற்று. ஐந்து நாள். மூன்றாவது வாரம் நிராகரிப்பு. ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பிடித்தார்கள், ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவில்லை.

மாத்திரை செலவும் அதன் தொந்தரவும்தான் உங்களை இந்தக் கேள்விக்குத் தள்ளியது என்றால், அதற்கு வேறு வழி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்துகள் விலையில்லாமல் கிடைக்கின்றன. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில், அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், சிறுநீரகப் பிரிவில் பழைய அறுவைச் சீட்டோடு போய்க் கேளுங்கள். சர்க்கரை, கை நடுக்கம், முடி கொட்டுவது என்று எதுவானாலும் மருத்துவரிடம் சொன்னால் டாக்ரோ லெவல், அதாவது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் எவ்வளவு என்று பார்த்து அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். ‘குறைப்பது’ தப்பில்லை, லெவல் பார்க்காமல் குறைப்பதுதான் தப்பு. மாத்திரையின் கம்பெனி மாறினால் லெவலை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ரத்தத்தில் ஏறும் அளவு மாறலாம். பம்பிளிமாஸ் வேண்டாம், அது லெவலைத் தாறுமாறாக ஏற்றும். காசநோய் மாத்திரை ரிஃபாம்பிசின் லெவலைச் சரித்துவிடும், பூஞ்சை மாத்திரைகள் சில ஏற்றிவிடும், ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் மாற்றுச் சிறுநீரகம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சீந்தில் கொடிக் கஷாயம் யாராவது கொடுத்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். நாம் அடக்கிவைக்கப் படாதபாடு படுவதை அது தட்டி எழுப்பும்.

உங்கள் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் சொந்தத்தில் கட்டும் நம் ஊரில்தான் இது பெரிதாக வரும். அத்தை மகன், மாமன் மகள் உறவில் ஒரு எச்.எல்.ஏ. கொத்து பொதுவாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அக்கா மகளைக் கட்டியவர்களுக்கு அது இரண்டில் ஒன்று. அந்நியத்தில் கட்டியவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. ஆகவே ரத்தப் பிரிவு ஒத்துவந்தால் நீங்கள் பரிசோதித்துப் பார்க்க வேண்டிய ஆள்தான், ஆனால் நாலில் மூன்று வாய்ப்பு பொதுவாக ஒன்றும் இல்லாமல் போவதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருத்தம் இல்லாத மனைவிகள் கொடுத்த சிறுநீரகங்களும் நன்றாகவே ஓடுகின்றன, மாத்திரை உபயத்தில். சட்டப்படி மாமன் மகள் என்பது ‘நெருங்கிய உறவு’ பட்டியலில் இல்லை, மனைவி என்பது இருக்கிறது; அதனால் அந்தத் தொல்லை உங்களுக்கு வராது. இதே கேள்வியைத் திருப்பிப்போட்டு, கணவர் மனைவிக்குக் கொடுக்கலாமா என்று வேறு யாராவது கேட்டால் பதில் கொஞ்சம் மாறும். பிள்ளை பெற்ற பெண்ணின் ரத்தத்தில், பிள்ளை வழியாகச் சந்தித்த கணவரின் அடையாளங்களுக்கு எதிர்ப்பொருள் இருக்கலாம்; அதைக் கட்டாயம் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பதினைந்து நாள் மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, டாக்டர் சீட்டின் நகலோடு மேல் பரணில் வைத்துவிடுங்கள். மாதாமாதம் புது அட்டை வாங்கும்போது டப்பாவில் இருப்பதை எடுத்துச் சாப்பிடக் கொடுத்து, புதியதை உள்ளே வையுங்கள். இல்லையென்றால் தேவைப்படும் நாளில் அது காலாவதியாகிப் போயிருக்கும்.